2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் ஆடுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

வீட்டில் செய்த வோல்ட்மீட்டரோ பேட்டரி மானிட்டரோ தப்பான எண் காட்டினால் முதல் பழி ரெஃபரன்ஸ் ஐசி (அளவுகோலாக மாறாத வோல்டேஜ் தரும் ஐசி) மேல்தான் விழும். அதைக் கழற்றி வேறொன்று மாட்டுவார்கள். எண் அப்படியேதான் ஆடும். டிஎல்431 மாதிரியான மூன்று கால் ஐசி சும்மா கெட்டுப்போவது அபூர்வம். அதற்குக் கரன்ட் போதாமல் இருக்கும், ஆகாத அளவில் ஒரு கெப்பாசிட்டர் அதன் தலையில் தொங்கும், கிரவுண்டு வயரில் ரிலேயின் கரன்ட்டும் சேர்ந்து ஓடும், இல்லாவிட்டால் அளக்கிற மீட்டரே பொய் சொல்லும். ஐசியை மாற்றுவது கடைசி வேலை.

பேச்சுக்கு ஒரு சர்க்யூட்டை வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியைக் கவனிக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 56 கிலோஓம், அதற்குக் கீழே 10 கிலோஓம் கிரவுண்டுக்கு; இரண்டும் சேரும் இடம் ஏ0 பின்னுக்கு. இந்த ஜோடிதான் டிவைடர், வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். ரெஃபரன்ஸுக்கு, போர்டின் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம் வழியாக ஒரு டிஎல்431. அதன் ரெஃப் காலும் கேதோடும் ஒன்றாகச் சேர்ந்து ஏரெஃப் பின்னுக்கு (போர்டு ரெஃபரன்ஸை வாங்கும் பின்) போகின்றன, ஆனோடு கிரவுண்டில். லோடைத் துண்டிக்க ஒரு 5 வோல்ட் ரிலே. புரோகிராமில் ரெஃபரன்ஸ் எக்ஸ்டர்னல் என்று வைத்தாயிற்று.

இதில் எது பிழை, எது இயல்பு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஏடிசி (போர்டில் வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) 10 பிட் என்பதால் 2.5 வோல்ட் 1024 படிகளாகப் பிரிகிறது. ஒரு படி 2.44 மில்லிவோல்ட். டிவைடர் 6.6-க்கு 1 என்பதால் பேட்டரி பக்கத்தில் ஒரு படி 16 மில்லிவோல்ட். ஆக 12.60-க்கும் 12.62-க்கும் இடையில் எண் தாவிக்கொண்டிருந்தால் அது பிழையே இல்லை. 12.4, 12.9 என்று ஓடினால்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

அளக்கும் முன்

மல்டிமீட்டரில் பேட்டரிச் சின்னம் தெரிந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மலிவான மஞ்சள் மீட்டர்களில் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்க இறங்கக் காட்டும் எண் ஏறும். ரெஃபரன்ஸைச் சந்தேகிப்பதற்கு முன் மீட்டரின் ரெஃபரன்ஸைச் சந்தேகிப்பது நியாயம்.

2000 எண்ணிக்கை மீட்டரில் இன்னொரு தொல்லை: 2 வோல்ட் ரேஞ்ச் 1.999-இல் நின்றுவிடும், அடுத்த 20 வோல்ட் ரேஞ்சில் 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே தெரியாது. 2.495 வோல்ட்டில் ஏற்படும் 3 மில்லிவோல்ட் அசைவை எப்படிப் பார்ப்பது? ஒரு புதிய டபுள்ஏ செல் போதும். செல்லின் மைனஸை டிஎல்431-இன் ஆனோடில் சேருங்கள். மீட்டரின் கறுப்பு வயரைச் செல்லின் பிளஸ்ஸிலும் சிவப்பு வயரைக் கேதோடிலும் வையுங்கள். 2.495-இலிருந்து செல்லின் 1.58 கழிந்து 0.915 வோல்ட் போல் காட்டும். இப்போது 2 வோல்ட் ரேஞ்சிலேயே ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் தெரியும். லோடு இல்லாத செல் சில நிமிடங்களுக்கு அசையாமல் நிற்கும், அசைவது ரெஃபரன்ஸ்தான். செல்லைக் கையில் பிடித்துச் சூடாக்காமல் மேஜையில் வையுங்கள்.

அளக்கும் இடமும் முக்கியம். போர்டின் கிரவுண்டு பின்னில் கறுப்பு வயரை வைத்து ஏரெஃபை அளந்தால் இடையில் உள்ள வயரும் பிரெட்போர்டும் சேர்ந்து அளக்கப்படும். டிஎல்431-இன் கால்களிலேயே, உடலுக்கு ஒட்டி வைத்து அளங்கள்.

கடைசியாக ஒரு பிரிப்புச் சோதனை. ஏ0-விலிருந்து டிவைடரைக் கழற்றிவிட்டு அதே டபுள்ஏ செல்லை ஏ0-வுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போடுங்கள். சராசரி எதுவும் எடுக்காமல் ஏடிசி எண்ணை அப்படியே சீரியல் மானிட்டரில் ஓட விடுங்கள். 1.58 வோல்ட் செல்லுக்கு 647-ஐ ஒட்டி வர வேண்டும். எண் ஒன்றிரண்டு படிக்குள் நின்றால் ரெஃபரன்ஸ் நல்லது, கோளாறு பேட்டரி பக்கம் இருக்கிறது. செல்லை வைத்தும் ஆடினால் கோளாறு ரெஃபரன்ஸிலோ கிரவுண்டிலோ இருக்கிறது. புரோகிராமில் 64 தடவை சராசரி எடுத்து ஆட்டத்தை மறைப்பவர்கள் நிறைய. பிழை தேடும்போது அந்த வரிகளைத் தூக்கிவிடுங்கள்.

அறிகுறி: மீட்டரில் 2.49 சரியாக இருக்கிறது, ஏடிசி எண் மட்டும் 10, 20, 50 படி என்று தாவுகிறது

டிஎல்431 ஆஸிலேட் ஆகிறது, அதாவது அதன் வோல்டேஜ் தானாகவே வேகமாக ஏறி இறங்குகிறது. இந்தச் சர்க்யூட்டில் அதிகம் பேரைச் சுற்றவிடும் பிழை இதுதான். மீட்டர் சராசரியைக் காட்டுவதால் கண்ணுக்குத் தெரியாது.

டிஎல்431-க்குள் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. கேதோடுக்கும் ஆனோடுக்கும் நடுவே வைக்கும் கெப்பாசிட்டர் அந்த ஆம்ப்ளிஃபையரின் ஃபீட்பேக்கைத் தாமதப்படுத்தும். மிகச் சின்னக் கெப்பாசிட்டர் என்றால் தாமதம் பொருட்டில்லை. மிகப் பெரியது என்றால் ஆட ஆரம்பிக்கும் முன்பே அடங்கிவிடும். நடுவில் உள்ள அளவுகள்தான் வம்பு. டேட்டாஷீட்டில் இதற்கென்றே ஒரு வரைபடம் இருக்கும்: கெப்பாசிட்டன்ஸ் ஒரு அச்சில், கேதோடு கரன்ட் இன்னொரு அச்சில், வளைகோட்டுக்குள் வருவதெல்லாம் ஆடும் பகுதி. மேக்கருக்கு மேக்கர் கோடு கொஞ்சம் மாறினாலும், 2.5 வோல்ட்டில் சில நானோஃபாரட் தொடங்கிச் சில மைக்ரோஃபாரட் வரை ஆபத்தான இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐசி பக்கத்தில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் போடுவது நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். இங்கே அந்தப் பழக்கமே பிழை. நீங்கள் போடாவிட்டாலும் ஊனோ போர்டிலேயே ஏரெஃபுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் ஏற்கெனவே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. தனியாக பிரெட்போர்டில் நன்றாக இருந்த ரெஃபரன்ஸ், ஏரெஃபில் செருகியதும் தாவுவதற்குக் காரணம் இதுவே.

உறுதி செய்வது சுலபம். சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கின் பிளஸ்ஸைக் கேதோடிலும் மைனஸை ஆனோடிலும் தொடுங்கள். ஒரு வினாடிக்குள் எண் அடங்கி நின்றால் வியாதியும் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. அதையே கால்களை ஒரு சென்டிமீட்டருக்குள் வெட்டி அந்த இடத்திலேயே சால்டர் செய்துவிடலாம். எலக்ட்ரோலிட்டிக்கின் உள் ரெசிஸ்டன்ஸும் ஆட்டத்தை அடக்க உதவும். அதனால் இங்கே செராமிக்கை விட அதுவே மேல். டிஎஸ்ஓ138 போன்ற கிட் ஸ்கோப் வைத்திருந்தால் ஏசி கப்ளிங்கில் பார்க்கலாம். ஆனால் அதன் பேண்ட்வித் 200 கிலோஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் ஆடினால் அலை சிறுத்துத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. ஸ்கோப்பில் நேர்கோடு என்பதால் ஆடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கெப்பாசிட்டரைத் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

10 மைக்ரோஃபாரட் போட்டபின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1 கிலோஓம் வழியாக அது 2.5 வோல்ட்டுக்கு நிறைய 7 மில்லிசெகண்ட் ஆகும். பவர் வந்தவுடன் எடுக்கும் முதல் சில ரீடிங்குகள் அதிகமாக வரும். தொடக்கத்தில் 100 மில்லிசெகண்ட் காத்திருந்து, அதன்பின் வரும் முதல் ரீடிங்கையும் வீசிவிடுங்கள்.

அறிகுறி: 2.5 வர வேண்டிய இடத்தில் குறைவாக வருகிறது, சப்ளை மாறினால் அதுவும் மாறுகிறது

கரன்ட் பட்டினி. டிஎல்431 ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 1 மில்லிஆம்பியர் கேதோடு வழியே ஓட வேண்டும். சில ஐசிகள் 0.4-இலேயே நிற்கும், ஆனால் அதை நம்பி டிசைன் செய்யக் கூடாது. கணக்கு இரண்டு வரிதான். 5-இலிருந்து 2.5 போக மீதி 2.5 வோல்ட். 1 கிலோஓம் என்றால் 2.5 மில்லிஆம்பியர், தாராளம். 2.2 கிலோஓம் என்றால் 1.13, அதில் ஏரெஃப் பின் 0.08 எடுத்துக்கொள்ளும், மீதி 1.05. யுஎஸ்பி சப்ளை 4.75-க்கு இறங்கினால் எல்லைக்குக் கீழே போய்விடும். 4.7 கிலோஓம் என்றால் 0.53, தொடக்கத்திலேயே பட்டினி.

9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டில் இது இன்னும் தந்திரமாக வரும். 2.2 கிலோஓம், லோடு 1 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது பேட்டரியில் கிட்டத்தட்ட 3 மில்லிஆம்பியர் வரும், லோடு போக 2 மிஞ்சும், எல்லாம் சரி. பேட்டரி 6 வோல்ட்டுக்கு வந்தால் வருவதே 1.6, லோடு போக 0.6. ரெஃபரன்ஸ் மெல்லச் சரியும். காலையில் சரியாக இருந்தது மாலையில் ஆடுகிறது என்பவர்கள் ரெசிஸ்டரைக் கணக்கிடும்போது சப்ளையின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டும்.

குறைவு ஒரு குறிப்பிட்ட எண்ணில் நின்றால் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லும். ஊனோவின் சிப்பான ஏடிமெகா328பி-யின் ஏரெஃப் பின் உள்ளே சுமார் 32 கிலோஓம் ரெசிஸ்டன்ஸ் கொண்டது. ஏரெஃபுக்குத் தொடராக 5 கிலோஓம் போட்டிருந்தால் 2.5 வோல்ட் 2.16 ஆகிவிடும். ‘ரிப்பிள் குறையட்டும்’ என்று 10 கிலோஓம், 100 மைக்ரோஃபாரட் ஃபில்டர் போட்டிருந்தால் 1.90 ஆகும். போதாததற்கு அந்த 32 கிலோஓம் சிப்புக்குச் சிப் வேறுபடும், அதனால் இந்தச் சரிவை ஒருமுறை கணக்கிட்டு எல்லாப் போர்டுக்கும் பொருத்த முடியாது. தொடர் ரெசிஸ்டர் வேண்டாம். கட்டாயம் என்றால் 47 ஓம் போதும், சரிவு 4 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும்.

சிலர் அந்த 5 கிலோஓமைப் பாதுகாப்புக்காகப் போடுகிறார்கள். புரோகிராமில் ரெஃபரன்ஸை எக்ஸ்டர்னல் என்று மாற்றும் முன்பே ஒரு அனலாக் ரீடிங் எடுத்துவிட்டால் சிப் தன் உள்ளிருக்கும் 5 வோல்ட்டை ஏரெஃபோடு இணைக்கும்; வெளியே டிஎல்431 அதை 2.5-க்கு இழுக்கும், நடுவில் மாட்டுவது சிப். பயம் நியாயமானதே. ஆனால் மருந்து ரெசிஸ்டர் இல்லை, செட்டப் பகுதியின் முதல் வரியிலேயே எக்ஸ்டர்னல் என்று எழுதுவதுதான்.

அறிகுறி: 0.7 வோல்ட், அல்லது ஏறக்குறைய சப்ளை வோல்டேஜ்

கால்கள் மாறியிருக்கின்றன. டிரான்சிஸ்டர் மாதிரியான டிஓ-92 உடலில், தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே: இடது ரெஃப், நடு ஆனோடு, வலது கேதோடு. நம் 2.5 வோல்ட் சர்க்யூட்டில் ஓரக் கால்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்வதால் ஐசியை முன்பின்னாகத் திருப்பி வைத்தாலும் வேலை செய்யும்! நடுக்கால் கிரவுண்டுக்குப் போகாமல் 5 வோல்ட் பக்கம் போயிருந்தால் மட்டும் உள் டயோடு திறந்து 0.7 வோல்ட் வரும். ரெஃப் கால் பிரெட்போர்டில் சரியாக உட்காராமல் மிதந்தால் வோல்டேஜ் மேலே ஏறும், விரல் பட்டால் மாறும்.

எஸ்ஓடி-23 என்ற சின்ன உடலில் டிஎல்431, டிஎல்432 என்று இரண்டு உண்டு. வேலை ஒன்றே, கேதோடும் ரெஃபும் இடம் மாறியிருக்கும். ரெஃப் காலில் ரெசிஸ்டர் டிவைடர் வைத்து 2.5-க்கு மேல் எடுக்கும் சர்க்யூட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் வராது. பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றியதை (அங்கே ஆப்டோகப்ளர் பக்கத்தில் அநேகமாக ஒன்று இருக்கும்) அதன் பழைய போர்டில் எந்தக் கால் எங்கே போயிற்று என்று பார்த்துக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

அறிகுறி: ரிலே போடும்போதெல்லாம் எண் நகர்கிறது

இங்கே எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. சோதனைக்கு முன் ரிலே கான்டாக்டில் மாட்டிய லோடைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியே நிஜமாக இறங்கும், அது பிழையில்லை.

டிஎல்431 போடாமல் 5 வோல்ட்டையே ரெஃபரன்ஸாக வைத்திருப்பவர்களுக்கு ரிலே போட்டால் அந்த 5 வோல்ட் இறங்கி எண் ஏறும். அளவுகோல் சுருங்கினால் அளக்கும் பொருள் நீளமாகத் தெரிவது மாதிரி. 5.0 வோல்ட் 4.8 ஆனால் 12.60 வோல்ட் பேட்டரி 13.12 என்று காட்டும். காலியாகிக்கொண்டிருக்கும் பேட்டரி சார்ஜில் இருப்பதுபோல் தெரியும், கட்-ஆஃப் வேலையே செய்யாது. யுஎஸ்பி சப்ளை 4.75 முதல் 5.25 வரை எங்கும் நிற்கலாம் என்பதால் இது ரிலே இல்லாமலேயே வரக்கூடியது. இவர்களுக்கு டிஎல்431 போடுவதே தீர்வு.

டிஎல்431 போட்டவர்களுக்கு சப்ளை சரிவு காரணமாக இருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சப்ளை 5-இலிருந்து 4.5-க்கு இறங்கினால் 1 கிலோஓமில் கரன்ட் அரை மில்லிஆம்பியர் குறையும். டிஎல்431-இன் உள் இம்பிடன்ஸ் 0.2 ஓம், மோசமான ஐசியில் 0.5. மாற்றம் கால் மில்லிவோல்ட்டைத் தாண்டாது, ஒரு படியில் பத்தில் ஒரு பங்கு. அதற்கும் மேல் எண் நகர்ந்தால் கிரவுண்டைப் பிடியுங்கள்.

நீல நிறச் சின்ன 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 ஓம், ஓடுவது 71 மில்லிஆம்பியர். மெல்லிய ஜம்பர் வயரும் இரண்டு பிரெட்போர்டு கான்டாக்டும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்தால் அந்த வயரில் 7 மில்லிவோல்ட் விழுகிறது. டிஎல்431-இன் ஆனோடு அந்த வயரின் தூரத்து முனையில் இருந்தால் சிப்பின் கண்ணுக்கு ரெஃபரன்ஸ் 2.500-க்குப் பதில் 2.507. பேட்டரி 12.60-க்குப் பதில் 12.56 என்று இறங்கும். ஆனோடு சரியான இடத்தில் இருந்து, டிவைடரின் 10 கிலோஓம் அடி அந்தத் தூரத்து முனையில் இருந்தால் 12.64 என்று ஏறும். இறங்கினால் ரெஃபரன்ஸின் கிரவுண்டு, ஏறினால் டிவைடரின் கிரவுண்டு. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து ஒன்றாகத் தப்பாக இருந்தால் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டி, பிழையே இல்லாத மாதிரி நடிக்கும்.

மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு வயர் போர்டின் கிரவுண்டு பின்னில், சிவப்பு டிஎல்431-இன் ஆனோடு காலில். ரிலேயைப் போட்டு எடுங்கள். 1 மில்லிவோல்ட்டுக்கு மேல் அசைந்தால் வயரை மாற்ற வேண்டும். ரிலேயின் கிரவுண்டுக்குத் தனி வயர் நேராக சப்ளையின் மைனஸுக்கு. ஆனோடும் 10 கிலோஓம் அடியும் வேறு எதனுடனும் சேராமல் போர்டின் கிரவுண்டு பின்னில் ஒரே இடத்தில். வயரைத் தடிமனாக்கினாலும் குறையும், ஆனால் வழியைப் பிரிப்பதுதான் வேரை வெட்டுவது.

நகர்ந்து நிற்காமல், ரிலே விடும் கணத்தில் மட்டும் ஒரு தாவல் தாவினால் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா, அதன் கோடு பிளஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: பவர் போட்டதிலிருந்து பல நிமிடம் மெதுவாக நகர்கிறது

இரண்டு காரணம் உண்டு, பிரிப்பதும் சுலபம். பவரை நிறுத்திவிட்டு உடனே போடுங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் சூடு.

12 வோல்ட்டை 7805 வழியாக 5 ஆக்கி 150 மில்லிஆம்பியர் இழுத்தால் அதில் 1 வாட்டுக்கு மேல் சூடாகிறது. ஹீட்சிங்க் இல்லாத 7805-இன் உட்புறம் அறை வெப்பத்தைவிட 60, 70 டிகிரி ஏறும். அதன் தோளோடு தோள் ஒட்டி டிஎல்431-ஐயும் ரெசிஸ்டர்களையும் வைத்தால் அவையும் வேகும். டிஎல்431 தன்னளவில் 0 முதல் 70 டிகிரிக்குள் சில மில்லிவோல்ட்தான் மாறும். டிஎல்431-இன் ரெஃப் காலில் டிவைடர் வைத்து 5 வோல்ட் எடுப்பவர்களுக்கு மோசமான ஆள் ரெசிஸ்டர்தான். மேலே ஒரு கார்பன் ஃபிலிம், கீழே ஒரு மெட்டல் ஃபிலிம் என்று கையில் கிடைத்ததைப் போட்டு, இரண்டுக்கும் டிகிரிக்கு 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) வித்தியாசம் என்றால் 20 டிகிரி ஏற்றத்தில் 15 மில்லிவோல்ட் போய்விடும். ஒரே மேக், ஒரே வகை 1 சதவீத மெட்டல் ஃபிலிம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சேர்ந்து சூடாகி விகிதம் மாறாமல் நிற்கும்.

எந்தப் பாகம் என்று தெரிய, பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். எதைத் தொட்டால் எண் அசைகிறதோ அதுதான்.

நிறுத்திப் போட்டதும் மறுபடி கீழேயிருந்து தொடங்கி ஏறினால், அல்லது பல மாதம் சும்மா கிடந்த போர்டில் மட்டும் வந்தால், எலக்ட்ரோலிட்டிக் கசிவு. வோல்டேஜ் இல்லாமல் கிடக்கும் எலக்ட்ரோலிட்டிக் முதல் சில நிமிடங்கள் அதிகம் கசிந்து பிறகு படிப்படியாக அடங்கும். டிஎல்431-க்கு நேர்க் குறுக்கே இருக்கும் கெப்பாசிட்டரில் சில மைக்ரோஆம்பியர் கசிவு பொருட்டே இல்லை. ஃபில்டரின் 10 கிலோஓமுக்குப் பின்னால் இருந்தால் 3 மைக்ரோஆம்பியர் கசிவே 30 மில்லிவோல்ட்டைத் தின்றுவிடும். மேலே சொன்ன ஃபில்டரைத் தூக்கிப் போட இது இரண்டாவது காரணம்.

அறிகுறி: கை கிட்டே போனால், மழைநாளில், வெளிச்சம் பட்டால் மாறுகிறது

இதில் ரெஃபரன்ஸுக்குப் பங்கு குறைவு. பேட்டரியை மிச்சம் பிடிக்க 560 கிலோஓம், 100 கிலோஓம் என்று டிவைடரை உயர்த்தியவர்களுக்குத்தான் இது வரும். ஏடிசி 10 கிலோஓமுக்குள் உள்ள சோர்ஸை எதிர்பார்க்கிறது. டிவைடர் நடுவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் போட்டால் கரன்ட்டு ஹம்மும் கையின் பாதிப்பும் போய்விடும் (இங்கே அது போடலாம், டிஎல்431 தலையில்தான் கூடாது). ஈரநாளில் மட்டும் மாறினால் சால்டர் பேஸ்ட்டின் மிச்சம் ஈரத்தை இழுத்துக் கசிகிறது. அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, முழுதாகக் காயவிடுங்கள். ஏ0-வில் பாதுகாப்புக்குக் கண்ணாடி உடல் 1என்4148 போட்டிருந்தால் வெளிச்சத்தில் அதுவும் கொஞ்சம் கசியும். மூடி போட்டால் சரியாகும்.

அறிகுறி: டிரிம்பாட் வைத்து 5.000-க்குச் செட் செய்தது நிற்கவில்லை

ஒற்றைச் சுற்று டிரிம்பாட் (திருகித் திருத்தும் சின்ன ரெசிஸ்டர்) ஒன்றையே டிவைடராகப் போட்டால் தட்டினாலும் மாறும். டிரிம்பாட்டுக்குச் சிறு திருத்தம் செய்யும் வேலையை மட்டும் கொடுங்கள். கேதோடிலிருந்து ரெஃபுக்கு 4.7 கிலோஓம், ரெஃபிலிருந்து கிரவுண்டுக்கு 4.3 கிலோஓமும் அதோடு தொடராக 1 கிலோஓம் பல சுற்று டிரிம்பாட்டும். சாதாரண டிஎல்431 2.44-இலிருந்து 2.55 வரை எங்கிருந்தாலும் 5.000-க்குக் கொண்டுவர இந்த ரேஞ்ச் போதும்.

டிரிம்பாட் டிவைடரின் கீழ்க் கையில், அதாவது ரெஃபுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், இருப்பது தற்செயல் இல்லை. கீழ்க் கை அறுந்தால் அவுட்புட் 2.5-க்கு இறங்கி நிற்கும், எதுவும் எரியாது. மேல் கை அறுந்தால் டிஎல்431 மூடிக்கொண்டு அவுட்புட் சப்ளை வோல்டேஜுக்கே எகிறும். டிரிம்பாட்டின் வைப்பர் காலை (நகரும் தொடர்பின் கால்) ஏதாவது ஒரு ஓரக் காலோடு சேர்த்துவிடுங்கள், தொடர்பு விட்டாலும் 1 கிலோஓமோடு நின்றுவிடும்.

ரெசிஸ்டர்களைப் பெரிதாக்கியும் மிச்சம் பிடிக்கக் கூடாது. ரெஃப் கால் சுமார் 2 மைக்ரோஆம்பியர் உறிஞ்சும். மேல் கை 10 கிலோஓம் என்றால் அதனால் 20 மில்லிவோல்ட் கூடும், 100 கிலோஓம் என்றால் 200. இந்தக் கரன்ட் சூட்டோடு மாறுவதால் செட் செய்த எண்ணும் அதோடு போகும்.

டிஎல்431 இல்லை, ஜீனர்தான் போட்டிருக்கிறது என்றால்

ஆட்டம் இயல்பு. 1என்4733ஏ-வின் 5.1 வோல்ட் என்பது 49 மில்லிஆம்பியரில் அளந்தது. அங்கே அதன் இம்பிடன்ஸ் 7 ஓம், 1 மில்லிஆம்பியரில் 550 ஓம் வரை போகும். 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம் வழியாக 7 மில்லிஆம்பியர் கொடுத்துவிட்டு 5.1 வரவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. 2.4, 3.3 வோல்ட் ஜீனர்கள் இன்னும் தளர்வானவை. டிஎல்431-ஐப் போடுங்கள், அவ்வளவுதான்.

பஃபர் போட்டதும் ஆட ஆரம்பித்தது

எல்எம்358 என்ற ஆப்-ஆம்பை பஃபராக (ரெஃபரன்ஸுக்குப் பதில் லோடுக்குக் கரன்ட் கொடுக்க) வைத்து அதன் அவுட்புட்டில் நேராக 10 மைக்ரோஃபாரட் போட்டிருப்பீர்கள். ஆப்-ஆம்பும் கெப்பாசிட்டர் சுமையில் ஆடக்கூடியதே. இடையில் 47 ஓம் போட்டால் அடங்கும். ஆனால் எல்எம்358-இன் ஆஃப்செட் (அதன் உள்ளார்ந்த வோல்டேஜ் பிழை) 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். ஏரெஃபின் 0.08 மில்லிஆம்பியரை டிஎல்431 தானே சுமக்கும்போது, 7 மில்லிவோல்ட் பிழையைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதில் லாபமில்லை. பஃபரைக் கழற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஐசியைச் சந்தேகித்தால்

போர்டிலிருந்து கழற்றி, ஒரு புது 9 வோல்ட் பேட்டரி, 2.2 கிலோஓம், டிஎல்431 மட்டும். ரெஃபும் கேதோடும் சேர்ந்து, கெப்பாசிட்டர் எதுவும் இல்லாமல். கரன்ட் ஏறக்குறைய 3 மில்லிஆம்பியர். 2.44 முதல் 2.55-க்குள் வந்தால் முதல் கட்டம் தேறியது. இப்போது டபுள்ஏ செல் தந்திரத்தோடு மீட்டரை வைத்துக்கொண்டு 2.2 கிலோஓமுக்குப் பதில் 680 ஓம் போடுங்கள். கரன்ட் 9.5-ஐத் தாண்டும். நல்ல ஐசியில் வோல்டேஜ் 1 முதல் 3 மில்லிவோல்ட் மட்டும் ஏற வேண்டும். 10-க்கு மேல் ஏறினால் அது மேலே 431 என்று எழுதிய வேறு ஏதோ, அல்லது அடிபட்டது. அதை வீசிவிட்டு, புதிதாக வாங்கியதையும் இதே சோதனையில் வைத்துப் பார்த்த பிறகே போர்டில் சால்டர் செய்யுங்கள்.